போன் கடலுக்குப் போயிருக்கு சார்: ஒரு கடலோரப் பள்ளியின் நிகழ்வு ஆய்வு

"ஏன்டா வீட்டுப்பாடம் எழுதலை?"

"போன் கடலுக்குப் போயிருக்கு சார்."

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படிச் சொன்னபோது, நோட்டை எலி கடித்துவிட்டது, மழையில் நனைந்துவிட்டது என்கிற வரிசையில் இன்னொரு சாக்கு என்றுதான் நினைத்தேன். அவன் சொன்னது அப்பட்டமான உண்மை என்று எனக்கு விளங்க இரண்டு மாதம் ஆனது. 2024–25 கல்வியாண்டில் எங்கள் பள்ளியில் நடந்ததை, சறுக்கியதையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன். போனையும் டிவியையும் வைத்துப் பாடம் நடத்தும் மற்ற ஆசிரியர்களுக்கு, முக்கியமாகக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு, ஏதாவது உதவும்.

பள்ளியும் ஊரும்

மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், பாக் விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கும் நடுநிலைப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம். ஆண்களில் பலர் மண்டபம், ராமேஸ்வரம் விசைப்படகுகளில் வேலைக்குப் போகிறவர்கள். சிலரிடம் சொந்தமாக நாட்டுப்படகு உண்டு. பெண்கள் மூங்கில் மிதவையில் கடற்பாசி வளர்க்கிறார்கள், கருவாடு போடுகிறார்கள். நான்கைந்து வீடுகளில் அப்பா வளைகுடா நாட்டில்.

பள்ளியில் சுவரில் ஒரு ஸ்மார்ட் டிவி, பீரோவுக்குள் ஒரு புரொஜெக்டர், ஆசிரியர்களுக்கு டேப். வீடுகளிலும் போன் இருந்தது. 'வசதி இல்லை' என்று நாங்கள் சொல்லவே முடியாது. ஆனாலும் வேலை நடக்கவில்லை.

ஜூன் மாதம் பெற்றோர் வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினேன். தினமும் மாலை ஆறு மணிக்கு வீட்டுப்பாடம் போடுவேன்: கரும்பலகையின் படம், அல்லது ஒரு யூடியூப் இணைப்பு. மறுநாள் காலையில் பாதிப் பிள்ளைகள்கூட எழுதியிருக்க மாட்டார்கள். திட்டினேன். குழுவிலேயே 'பெற்றோர் கவனத்திற்கு' என்று தலைப்புப் போட்டு நீளமாக எழுதினேன். அதைப் படித்தவர்கள் ஏற்கெனவே எழுதி அனுப்புகிற வீட்டுக்காரர்கள்தான்.

நீல மைக்

திருப்பம் ஒரு அம்மாவால் வந்தது. மீன் கூடையோடு பள்ளி வாசலில் நின்றவர், "எனக்கு வாசிக்கத் தெரியாது சார். நீங்க பேசி அனுப்பிருங்க, நான் புள்ளைக்குப் போட்டுக் காட்டிர்றேன்" என்றார். சரி என்று அன்றிலிருந்து குரல் பதிவாக அனுப்பத் தொடங்கினேன்.

குரல் பதிவில் நான் எதிர்பாராத ஒரு வசதி இருந்தது. குழுவில் நாம் அனுப்பிய பதிவை அழுத்திப் பிடித்து, விவரம் காட்டும் 'ஐ' குறியைத் தொட்டால், யார் யார் அதைக் கேட்டார்கள், எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்று பட்டியல் வரும். எல்லோரும் கேட்டு முடித்தால் பதிவில் உள்ள மைக் படம் நீலமாகிவிடும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள்கூடக் குரல் பதிவைக் கேட்டால் தெரிந்துவிடும். அந்த அணைப்பு இதற்குச் செல்லாது. கொஞ்சம் உளவு பார்க்கிற மாதிரிதான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு வாரம் ஒரு கோடு போட்ட நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை மாலை அனுப்பியதைப் பல வீடுகளில் செவ்வாய் மதியம்தான் கேட்டிருந்தார்கள். புதன் அனுப்பியது வியாழன் மதியம். சனி அனுப்பியது ஞாயிறு. வியாழன், வெள்ளி மாலைகளில் அனுப்பினால் அரை மணியில் கேட்டுவிட்டார்கள். இன்னொரு பத்து வீடுகளில் கணக்கு அப்படியே தலைகீழ்.

இந்த நோட்டை ஊர்க்காரரான எங்கள் சத்துணவு அமைப்பாளர் அக்காவிடம் காட்டினேன். ஒரு நொடி பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது படகு போற நாள் சார்."

பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்: திங்கள், புதன், சனி. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. இரண்டு தரப்புக்கும் வலை சிக்கிச் சண்டை வராமல் இருக்க நெடுநாளாக உள்ள ஏற்பாடு. விசைப்படகு டோக்கன் (கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு) வாங்கிக் காலையில் கிளம்பினால் மறுநாள் காலைதான் கரை திரும்பும். வீட்டில் இருக்கும் ஒரே டச் போன் அப்பாவின் சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள், படகில் இருக்கும். கரையிலிருந்து கொஞ்ச தூரத்துக்கு மேல் சிக்னலும் கிடையாது. நான் ஆறு மணிக்குப் போட்ட வீட்டுப்பாடம் யாருமே இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

பல ஆண்டுகளாக இந்த ஊரில் வேலை பார்க்கிறேன். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது படகு கிடக்கிறதா இல்லையா என்று தினம் பார்க்கிறேன். இரண்டையும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

மாற்றியவை

முதலில் தினசரி வீட்டுப்பாடத்தை நிறுத்தினேன். வாரத்துக்கு இரண்டு பதிவு. ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் அவகாசம். மூன்று நாளுக்குள் விசைப்படகு வீட்டுக்கும் நாட்டுப்படகு வீட்டுக்கும் ஒரு தடவையாவது போன் கைக்கு வந்துவிடும். வகுப்பை இரண்டு குழுவாகப் பிரித்து இரண்டு அட்டவணை போடலாம் என்றுதான் ஆரம்பத்தில் யோசித்தேன். ஒரு வாரத்திலேயே எனக்கே குழம்பிவிட்டது. அவகாசத்தை நீட்டியது எவ்வளவோ எளிது.

அப்புறம் யூடியூப் இணைப்பை விட்டேன். ஒரு நிமிட வீடியோ பல எம்பி. ஒரு நிமிடக் குரல் பதிவு சில நூறு கேபிக்குள் முடிந்துவிடும். அதைவிட முக்கியம், படமும் வீடியோவும் தானாக இறங்காதபடி பலர் போனில் அணைத்து வைத்திருப்பார்கள், அல்லது போன் நிறைந்து கிடக்கும். குரல் பதிவு மட்டும் எப்போதும் தானாக இறங்கிவிடும். கிளம்பும் முன் கரையில் சிக்னல் இருக்கும்போது வந்து சேர்ந்த பதிவை நடுக்கடலிலும் கேட்கலாம்.

அப்படிக் கேட்டதால் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. பின்னம் நடத்தும்போது, படகில் வந்த வருமானத்தைப் பங்கு பிரிப்பதாக ஒரு கணக்குப் போட்டுப் பேசி அனுப்பியிருந்தேன். படகுக்கு இத்தனை பங்கு, ஆளுக்கு இத்தனை பங்கு என்று. இரண்டு நாள் கழித்து ஒரு அப்பா பதிலுக்குக் குரல் பதிவு அனுப்பினார். பின்னணியில் இஞ்சின் சத்தம், நாலு பேர் சிரிப்பு. "சார், டீசல் காசு, ஐஸ் காசு, சாப்பாட்டுச் செலவு எல்லாத்தையும் கழிச்சிட்டுத்தான் பங்கு. நீங்க கழிக்காம பங்கு வச்சிட்டீங்க. இப்படிப் பங்கு வச்சா ஓனரு அடுத்த தரம் படகு எடுக்கமாட்டாரு." மறுநாள் அந்தப் பதிவை வகுப்பில் போட்டுக் காட்டி, கணக்கைத் திருத்தி மறுபடி போட்டோம். அந்த ஆண்டு பின்னத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கழித்தலையும் பின்னத்தையும் ஒரே கணக்கில் சேர்த்துப் போட என் வகுப்பு பயப்படவில்லை.

பேசுவதிலும் சில பழக்கங்கள் படிந்தன. முதல் பத்து நொடிக்குள் தேதி, வகுப்பு, பாடம், பக்க எண் சொல்லிவிட வேண்டும். இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஒருமுறை கேட்டால் போதும், அதன் பிறகு போனே வேண்டாம் என்கிற மாதிரி வேலை கொடுக்க வேண்டும்: வலைக் கண்ணை அளந்து எழுது, அம்மா பாசிக் கயிறு கட்டும்போது முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே எத்தனை சாண் என்று பார். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெளியே நின்று பேசினால் மைக்கில் காற்று மட்டும்தான் கேட்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு, போனைக் கைக்குட்டையால் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பேசினால் தெளிவாக விழும்.

நடுவில் ஒரு தவறு. குழுவில் இருந்த ஒரு அம்மா சொல்லாமல் வெளியேறினார். கேட்டபோது, யாரோ குழுவிலிருந்து எண்ணை எடுத்து அழைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. குழு என்றால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். நான் அதை யோசித்திருக்க வேண்டும். உடனே குழுவை மூடிவிட்டு பிராட்காஸ்ட் பட்டியலுக்கு மாறினேன். அதில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது, பதிலும் நமக்கு மட்டும் வரும். ஒரே ஒரு நிபந்தனை: நம் எண்ணை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். 'சேமித்துக்கொள்ளுங்கள்' என்று செய்தி அனுப்பிப் பயனில்லை. இரண்டு நாள் மாலை பள்ளி வாசலில் நின்று, வருகிறவர்கள் போனை வாங்கி நானே 'ஆறாம் வகுப்பு சார்' என்று சேமித்துக் கொடுத்தேன்.

தீப்பெட்டி

டச் போனே இல்லாத வீடுகள் ஏழு இருந்தன. ஆனால் பட்டன் போன் இருந்தது, அதில் பாட்டுக் கேட்க மெமரி கார்டு போடும் இடமும் இருந்தது. வாட்ஸ்அப் பதிவை அப்படியே கார்டில் ஏற்றிக் கொடுத்தேன்; ஒன்றும் பாடவில்லை. வாட்ஸ்அப் குரல் பதிவு 'ஓபஸ்' என்ற வடிவில் இருக்கும், பட்டன் போனுக்கு அது புரியாது. எம்பி3 ஆக மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு இலவசச் செயலிகள் நிறைய உண்டு. கார்டை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும், 32 ஜிபிக்கு மேல் போகாமல் சின்னதாக வாங்குவது நல்லது.

நகம் அளவுள்ள கார்டு பிள்ளை கையில் ஒரு நாள் தங்காது. அதனால் தீப்பெட்டி. பெட்டிக்கு மேல் பெயர், உள்ளே பஞ்சு, பஞ்சில் கார்டு. வெள்ளிக்கிழமை கொடுத்து அனுப்புவோம், அடுத்த வியாழன் திரும்பி வரும். ஆண்டு முழுவதிலும் இரண்டு கார்டுதான் தொலைந்தது. ஒன்று திரும்பி வந்தபோது என் பாடம் எல்லாம் அழிந்து பழைய சினிமாப் பாட்டு நிறைந்திருந்தது. அண்ணன்காரன் வேலை. கார்டும் ரீடரும் கையிலிருந்து வாங்கியதுதான், பெரிய செலவு இல்லை.

உப்பு

உப்புக் காற்றைப் பற்றி எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் சொல்வதில்லை. எங்கள் பள்ளியில் புரொஜெக்டரைப் பத்திரமாக உறைபோட்டு பீரோவில் பூட்டி வைத்திருந்தோம், ஆண்டுவிழாவுக்கு எடுக்கலாம் என்று. எடுத்தபோது சொருகும் இடங்களில் பச்சைக் களிம்பு. போச்சு. தினம் ஓடிய டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடும்போது உண்டாகும் சூடு ஈரத்தை விரட்டிவிடும்; பூட்டி வைத்தால் ஈரமும் உப்பும் உள்ளேயே உட்கார்ந்துவிடும். கடலோரத்தில் மின்கருவியைப் பத்திரப்படுத்துவது என்றால் அதை ஓட்டுவதுதான். வாரம் இரண்டு முறையாவது, விடுமுறையிலும் யாராவது வந்து.

இப்போது பென்டிரைவ், ரீடர், போனில் பென்டிரைவைச் சொருக உதவும் ஓடிஜி வயர் எல்லாவற்றையும் மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறோம். செருப்பு, பை வாங்கினால் உள்ளே கிடக்குமே, அந்தப் பொட்டலம்தான். அரிசியில் போட்டு வைக்கச் சொல்வார்கள், வேண்டாம். அரிசித் தூசி சொருகும் ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். புரொஜெக்டரை அணைத்தவுடன் மெயினைப் பிடுங்கவும் கூடாது. விளக்கு ஆறும்வரை விசிறி ஓடட்டும். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் சொல்லாமல் போகும், அதற்காகவே ஒரு சின்ன யுபிஎஸ்.

டிவிக்குப் பென்டிரைவில் பாடம் கொண்டுபோகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது கோப்பு வடிவத்தில்தான். வீட்டில் ஓடும், பள்ளியில் ஓடாது. எம்பி4 வடிவம், எச்.264 முறை என்றால் ஏறக்குறைய எல்லா டிவியிலும் ஓடும்; புதிய போன்கள் எடுக்கும் எச்இவிசி முறை பழைய டிவிக்குத் தெரியாது. ஃபேட்32 பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்ற முடியாது. பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை வகுப்பில் ஸ்கேன் செய்து காத்திருக்காதீர்கள். முந்தைய நாளே, நெட் நன்றாக இருக்கும் இடத்தில், தீக்ஷா செயலியில் இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி டேப்பில் போட்டு வைத்திருக்கிறேன். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றி ஒரு நாள் சண்டை வந்தபோது, பிள்ளைகள் அதில் தேடித் தீர்த்துக்கொண்டார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்த செய்தி அதில் இல்லாததைக் கண்டுபிடித்தவர்களும் அவர்கள்தான்.

ஜன்னல்

எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைப்பது ஏழாம் வகுப்பின் மேற்கு ஜன்னலில் மட்டும். பதிவேற்ற வேலை வரும்போதெல்லாம் ஆசிரியர்கள் வரிசையாக அந்த ஜன்னலில் போய் நிற்போம். உள்ளே பாடம் நடக்கும். பிறகு ஒரு பழைய போனை அந்த ஜன்னல் திண்டில் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டோம். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் வலுவிழந்துவிடும். இப்போது ஆபீஸ் அறையில் உட்கார்ந்தே வேலை முடிகிறது.

தனுஷ்கோடிப் பக்கம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சில நேரம் போன் அக்கரையில் உள்ள இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். கிளம்பும் முன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தை நீங்களே குறித்து வையுங்கள்.

வினாத்தாளை ஒருங்குறியில் (யூனிகோடில்) அடியுங்கள், பிடிஎஃப் ஆக்கிக் கடைக்குக் கொடுங்கள். பழைய எழுத்துருவில் அடித்து, கடைக் கணினியில் அது சிதைந்து, பரீட்சை நாள் காலையில் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த கதை எல்லா ஆசிரியர்களிடமும் ஒன்று இருக்கும்.

சரிப்பட்டு வராதவை

ஆன்லைன் வினாடிவினா வைத்துப் பார்த்தேன். அண்ணன்மார் பதில் போட்டார்கள். பிள்ளைகள் எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கியதில் பென்சில் எழுத்து மங்கிவிட்டது. 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்பினால் சுருங்காது, ஆனால் அதைப் பெற்றோருக்குச் சொல்லிப் புரியவைக்கும் நேரத்தில் நோட்டைப் பள்ளியிலேயே திருத்திவிடலாம். விட்டுவிட்டேன்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில், எல்லாப் போனும் வீட்டில். அப்போதுதான் பள்ளிக்கு விடுமுறை! இதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. கதை படித்துக் குரல் பதிவாக அனுப்பினேன், கேட்டவர்கள் கேட்டார்கள்.

யாரும் கேட்காத பதிவு

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பிராட்காஸ்ட் பட்டியலில் அவள் வீட்டு எண்ணுக்குப் போன பதிவுகள் ஒற்றை டிக்கைத் தாண்டவில்லை, வாரக் கணக்கில். ஜூன் மாதத்து ஆளாக இருந்திருந்தால் திட்டியிருப்பேன். இந்தத் தடவை முதலில் அமைப்பாளர் அக்காவிடம் கேட்டேன். அப்பா போன படகு எல்லை தாண்டியதாக அக்கரையில் பிடிபட்டிருக்கிறது. படகு, வலை, போன் எல்லாம் அங்கே. பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை. தினம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்பா திரும்பி வந்தார். படகு வரவில்லை. அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கி, யாரோ கொடுத்த பழைய போனில் போட்டார். சேராத செய்திகளை வாட்ஸ்அப் 30 நாள்தான் வைத்திருக்கும். கடைசியாக அனுப்பிய சில பதிவுகள் மட்டும் வந்து இறங்கின. அதற்கு முந்தையவற்றை எம்பி3 ஆக்கி, கார்டில் வரிசை எண் போட்டு ஏற்றினேன். அவள் வீட்டில் இப்போது டச் போன் இருக்கிறது, தீப்பெட்டி தேவையில்லைதான். இருந்தாலும் பெட்டி மேல் அவள் பெயர் எழுதி வெள்ளிக்கிழமை கொடுத்தேன். வியாழக்கிழமை திரும்பி வந்தது. உள்ளே கார்டுக்குப் பக்கத்தில் பஞ்சில் ஒரு சின்னச் சோழி.